பிரேக்கின் ஆயுளைக் கார் எவ்வாறு கணிக்கிறது?



கார் வைத்திருக்கும் இல்லங்கள் சிலவற்றில் இக்காலத்தில் ஒரு புதுவகை வாக்குவாதம் எழுவதைக் காண்கிறோம். வண்டியின் முகப்புத் திரையில், 'முன் பிரேக்: இன்னும் 9,000 கிலோமீட்டர்' என்றோர் அறிவிப்புத் தோன்றுகிறது. "காரே சொல்லிவிட்டது, இன்னும் சில மாதங்களுக்குக் கவலையில்லை" என்கிறான் மகன். "சக்கரத்தைக் கழற்றிக் கண்ணால் பாராமல் அதை எப்படி நம்புவது?" என்கிறார் தந்தை. பட்டறைக்காரரோ, "எதற்கும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது, ஐயா" என்கிறார். மூவரும் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும், மூன்றையும் ஒருங்கே பின்பற்ற இயலாதன்றோ? வீண் செலவையும் தவிர்க்க வேண்டும். பெண்டு பிள்ளைகளின் உயிருக்கும் ஊறு நேரக்கூடாது. இவ்விரண்டுக்கும் இடையே தக்க முடிவு காண வேண்டுமாயின், அந்த 9,000 என்னும் எண் எங்கிருந்து பிறந்தது என்பதை முதற்கண் அறிந்தாக வேண்டும். இத்திங்கள் அதனையே ஆராய்வோம்.

தேய்வதற்கென்றே அமைந்த பொருள்

சைக்கிளில் பிரேக் பிடிக்கும்போது இரண்டு ரப்பர்க் கட்டைகள் சக்கரத்தின் விளிம்பை இருபுறமும் கவ்வுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். காரின் டிஸ்க் பிரேக்கும் தத்துவத்தில் அதுவே. சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுழலுகிறது; அதற்கு டிஸ்க் என்று பெயர். அதனை அணைத்தாற்போல் அமைந்த காலிப்பர் என்னும் கவ்வியினுள், தட்டின் உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இரண்டு பேட்கள் பொருத்தப்பட்டுள்ளன. நாம் மிதியை அழுத்தும்போது, குழாய்களில் நிறைந்துள்ள பிரேக் ஆயில் அவ்வழுத்தத்தைப் பிஸ்டனுக்குக் கொண்டு சேர்க்கிறது. பிஸ்டன் பேட்களைத் தட்டின்மீது நெருக்குகிறது. உராய்வினால் வண்டி நிற்கிறது.

வண்டி நின்றது, அது கொண்டிருந்த ஆற்றல் எங்கே போயிற்று? ஆற்றல் அழிவதில்லை என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த விதி. அது ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக மாறிவிடுகிறது. 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதனிடமுள்ள இயக்க ஆற்றல் ஏறத்தாழ 208 கிலோ ஜூல் ஆகும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 பாகை செல்சியஸிலிருந்து 80 பாகை வரை சூடாக்க இது போதும். வேகம் இரட்டித்து 120 கிலோமீட்டர் ஆனாலோ, ஆற்றல் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப ஆற்றல் வளர்வதே இதற்குக் காரணம். வேகமாகச் சென்று சடக்கென்று நிறுத்துபவருடைய பேட்கள் விரைவிலேயே தேய்ந்துபோவது ஏன் என்பது இப்பொழுது விளங்கும்.

புதிய பேட் ஒன்றில் உராயும் பொருளின் கனம் பொதுவாக 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். அது 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்தவுடன் மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவான நெறி. அதற்குப் பின்னும் காலந்தாழ்த்தினால், உராயும் பொருள் தீர்ந்து, அதனைத் தாங்கி நிற்கும் எஃகுத் தகடு டிஸ்க்கோடு நேரடியாக உரசத் தொடங்கும். டிஸ்க் கீறிப் பாழாகும். பேட்டோடு முடிய வேண்டிய செலவு டிஸ்க்குக்கும் சேர்த்து வரும். செலவைவிடப் பெரிய கேடு, வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமற் போவதேயாகும்.

செருப்புத் தைப்பவர் செய்த உதவி

இந்தத் தேயும் உறை எப்படித் தோன்றிற்று என்னும் வரலாற்றில் ஒரு தாய்க்கு முதலிடம் உண்டு. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பாரின் துணைவியார் பெர்த்தா பென்ஸ், கணவர் உருவாக்கிய மோட்டார் வண்டியில் தம் மைந்தர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, கணவரிடம் முன்னரே சொல்லாமல், மன்ஹைம் நகரினின்று தம் தாயகமான ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குப் புறப்பட்டார். வழி நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்டது. மோட்டார் காரில் அத்தனை தொலைவு அதற்குமுன் எவரும் சென்றதில்லை. எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்னும் ஊரில் மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தம் தொப்பியின் ஊசியால் அதனைச் சரிசெய்தார். இறக்கங்களில் வண்டியின் மரப் பிரேக் கட்டைகள் தேய்ந்து பயனற்றுப்போகவே, வழியில் ஒரு செருப்புத் தொழிலாளியை அணுகி, அக்கட்டைகளின்மேல் தோலை வைத்து ஆணியடித்துத் தரச் செய்தார். தேய்ந்தால் கட்டையை விட்டுவிட்டு உறையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்னும் எண்ணம் மோட்டார் காருக்கு வந்தது அப்பயணத்தில்தான்.

1897-இல் இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் பிரேக்குக்கான உராய்வுப் பொருளைத் தொழில் முறையில் செய்யத் தொடங்கினார். ஃபெரோடோ என்னும் பெயர் அவருடைய பெயரெழுத்துக்களை மாற்றியடுக்கி, மனைவி எலிசபெத்தின் முதலெழுத்தையும் சேர்த்து அமைத்ததாகும். 1902-இல் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அவர் செம்பு உறைகளைப் பயன்படுத்தியமையால், பிரேக் பிடிக்குந்தோறும் காதைத் துளைக்கும் கிறீச்சொலி எழுந்தது. அதனாலும் பிற குறைகளாலும் அம்முறை நெடுங்காலம் பரவவில்லை. 1953-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில், டன்லப் டிஸ்க் பிரேக்குகள் பூட்டிய ஜாகுவார் கார் வெற்றி பெற்ற பின்னரே உலகம் அதனைத் திரும்பிப் பார்த்தது. 1955-இல் வெளிவந்த சிட்ரோயன் டி.எஸ். கார், முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்குடன் பெருமளவில் விற்பனைக்கு வந்தது.

முதல் எச்சரிக்கை ஓசையே

லான்செஸ்டருக்குத் தொல்லையாக இருந்த அந்தக் கிறீச்சொலியையே பிற்காலப் பொறியாளர்கள் எச்சரிக்கை மணியாக மாற்றிக்கொண்டனர். பேட்டின் எஃகுத் தகட்டில் ஒரு சிறு உலோக நாக்கைப் பொருத்திவிடுகிறார்கள். உராயும் பொருள் 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்ததும், அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டு உரசிக் கீச்சிடும். மின்சாரமும் வேண்டியதில்லை, கணிப்பொறியும் வேண்டியதில்லை. இன்றும் எண்ணற்ற கார்களில் உள்ள ஏற்பாடு இதுவே. 'வண்டி சில நாட்களாகச் சத்தம் போடுகிறது' என்று பொறுத்துக்கொண்டு ஓட்டுவோர் உணர வேண்டியது யாதெனில், அச்சத்தம் வண்டியின் கோளாறாக இல்லாமல், வண்டி நம்மை அழைக்கும் குரலாகவும் இருக்கலாம் என்பதே.

இரண்டாவது அடையாளம் பிரேக் ஆயில். பேட் தேயத்தேய, அதனை அழுத்தும் பிஸ்டன் மேலும் வெளியே வந்து நிற்கிறது. அதன் பின்னே உண்டாகும் இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்குகிறது. ஆகவே, எஞ்சின் அறையிலுள்ள ஆயில் கலத்தில் மட்டம் மெல்ல மெல்லத் தாழும். ஒரு வரம்புக்குக் கீழே போனால், கலத்தினுள் மிதக்கும் மிதவை சிவப்பு விளக்கை எரியச் செய்யும். அவ்வேளையில் ஆயிலை மட்டும் ஊற்றி விளக்கை அணைத்துவிடுதல் பெருந்தவறு. பேட் தேய்ந்திருக்கலாம், எங்கேனும் ஆயில் கசியவுங்கூடும். இரண்டையும் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும்.

மூன்றாவது, மின் கம்பி. பேட்டின் உள்ளே ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் மெல்லிய கம்பி வளையத்தைப் புதைத்து வைக்கிறார்கள். அந்த ஆழம்வரை பேட் தேய்ந்ததும் டிஸ்க் அக்கம்பியை அறுத்துவிடும்; மின்சுற்று துண்டிக்கப்பட்டு எச்சரிக்கை விளக்கு எரியும்.

இம்மூன்றும் நன்று. ஆனால் இம்மூன்றுமே முடிவு நெருங்கிய பிறகு சொல்பவை. பேட் பாதியளவே தேய்ந்திருக்கும்போது அவை வாய் திறப்பதில்லை. 'இன்னும் எத்தனை கிலோமீட்டர்' என்ற கேள்விக்கு விடை வேண்டுமானால், கணக்குப் போட்டே தீர வேண்டும்.

சேமிப்புப் புத்தகம் போன்றதொரு கணக்கு

இக்கணக்கின் அடிப்படை மிகப் பழையது. உராய்வினால் தேய்ந்துபோகும் பொருளின் அளவு, உராய்வு செய்த வேலையின் அளவுக்கு ஏற்ப இருக்கும் என்னும் கருத்தை, 1860-ஆம் ஆண்டிலேயே தியோடர் ரேய் என்னும் ஜெர்மானியக் கணித அறிஞர் வெளியிட்டார். அப்படியாயின், ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் எவ்வளவு வேலை நடந்தது என்று அறிந்தால் எவ்வளவு தேய்ந்தது என்றும் அறியலாம்.

வேலை என்பது விசையையும் நகர்ந்த தூரத்தையும் பெருக்கி வருவது. பேட்டை அழுத்திய விசை எவ்வளவு என்பதைப் பிரேக் ஆயிலின் அழுத்தம் காட்டும். பேட்டின் அடியில் டிஸ்க் எவ்வளவு தூரம் உரசிச் சென்றது என்பதைச் சக்கரத்தின் சுழற்சி காட்டும். இவ்விரண்டையும் அளக்கும் கருவிகள் பேட்டின் ஆயுளுக்காகப் பூட்டப்பட்டவை அல்ல. சக்கரம் வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். என்னும் ஏற்பாட்டை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1978-இல் மெர்சிடிஸ் கார்களில் கொண்டுவந்தபோதே சக்கர வேகத்தை அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. 1995-இல் வண்டி தடம் புரளாமல் காக்கும் ஈ.எஸ்.பி. என்னும் ஏற்பாடு வந்தபோது ஆயில் அழுத்தத்தை அளக்கும் கருவியும் சேர்ந்தது. வேறொரு நோக்கத்திற்காக வண்டியில் குடியேறிய இக்கருவிகளைக் கொண்டே பின்னர் பேட்டின் கணக்கையும் எழுதலாயினர்.

மூன்றாவதாக வேண்டியது வெப்பநிலை. ஒரே அளவு வேலையைச் செய்தாலும், குளிர்ந்த பேட் தேய்வதைவிடக் கொதிக்கும் பேட் மிகுதியாகத் தேயும். டிஸ்க்கின் சூட்டைத் தனியே அளப்பதற்குப் பதிலாக அதனையும் கணித்தே பெறுகின்றனர். இப்போது பிடித்த பிரேக்கினால் எவ்வளவு வெப்பம் உட்புகுந்தது, வண்டி ஓடும் காற்றில் எவ்வளவு வெப்பம் வெளியேறியது என்று வரவும் செலவும் எழுதிப் பார்த்தால் டிஸ்க்கின் சூடு ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

இனி, இதனை நம் சேமிப்புப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். புதிய பேட்டின் கனமே தொடக்க இருப்பு. ஒவ்வொரு முறை பிரேக் பிடிப்பதும் ஒரு சிறு தொகையை எடுப்பது போன்றது. கணிப்பொறி அதனை உடனுக்குடன் கழித்து எழுதிக்கொண்டே வருகிறது. இப்போது 7 மில்லிமீட்டர் இருப்பு உள்ளது என்றும், 3 மில்லிமீட்டர் வரம்பு என்றும் வைத்துக்கொள்வோம். செலவழிக்கத்தக்கது 4 மில்லிமீட்டர். அண்மையில் ஓடிய 1,000 கிலோமீட்டருக்கு 0.2 மில்லிமீட்டர் வீதம் தேய்ந்திருக்குமாயின், எஞ்சிய ஆயுள் 20,000 கிலோமீட்டர். அதே வண்டி சுமையேற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கி, 1,000 கிலோமீட்டருக்கு 0.4 மில்லிமீட்டர் தேயத் தொடங்கினால், ஆயுள் 10,000 ஆகக் குறைந்துவிடும். 'நேற்றுக் காட்டிய எண் இன்று எப்படி இவ்வளவு சரிந்தது?' என்று வியப்போருக்கு விடை இதுவே. நிதானமாக ஓட்டினால் அவ்வெண் மீண்டும் கூடுவதும் உண்டு. அது பேட் வளர்ந்ததனால் அன்று. செலவின் வீதம் குறைந்ததனால்.

முன்சக்கரங்களுக்கு ஒன்றும் பின்சக்கரங்களுக்கு ஒன்றுமாகக் கணக்குகள் இரண்டு. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்வதால், பெரும்பாலும் முன் பேட்களே முந்தித் தேயும். ஆயினும், தடம் புரளாமல் காக்கும் ஏற்பாடுகள் பின் பிரேக்கை அடிக்கடி பயன்படுத்தும் சில வண்டிகளில் பின் பேட்கள் முந்திக்கொள்வதும் உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அண்மைக் காலத்து வண்டிகள் சிலவற்றில், முன் பேட்களில் எஞ்சியது எத்தனை விழுக்காடு, பின் பேட்களில் எத்தனை விழுக்காடு என்று தனித்தனியே காட்டுகிறது.

கணக்கைத் திருத்தும் கம்பி

கணக்கு எத்துணை நுட்பமாயினும், சிறு சிறு பிழைகள் சேர்ந்து பெரும்பிழையாகிவிடும் என்பதைக் கணக்கெழுதுவோர் அறிவர். ஆகவே இடையிடையே உண்மை இருப்பைப் பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. வண்டியின் நிலையைப் பொறுத்துப் பராமரிப்பு என்னும் அதன் ஏற்பாட்டில், பேட்டினுள் புதைந்த கம்பி ஒன்றாக இல்லாமல் இரு படிகளாக அமைந்திருக்கிறது. சுமார் 6 மில்லிமீட்டர் கனம் எஞ்சும்போது முதற்படி அறுகிறது. அப்பொழுது மின்சுற்று முற்றிலும் துண்டிக்கப்படாமல், அதன் மின்தடை மட்டும் மாறுகிறது. அம்மாற்றத்தைக் கண்டதும் கணிப்பொறி, 'நாம் எழுதிவந்த இருப்பு எதுவாயினும், உண்மை இருப்பு இதுவே' என்று ஏட்டைத் திருத்திக்கொள்கிறது. மேலும் தேய்ந்தபின் இரண்டாம் படியும் அறுகிறது. அது இறுதி எச்சரிக்கை.

ஆகவே அந்த எண்ணில் அளவீடும் உண்டு, ஊகமும் உண்டு. கம்பியின் முதற்படி அறும்வரை காட்டப்படுவது முழுவதும் ஊகக் கணக்கு. அறுந்த அக்கணத்தில் அஃது உண்மையைத் தொடுகிறது. அதன் பின்னர் மீண்டும் கணக்கே. திரையில் தோன்றும் எண்ணுக்கு இவ்விரண்டில் எது ஆதாரம் என்பதைத் திரை நமக்குச் சொல்வதில்லை.

மலையிறக்கத்தில் நடப்பது

ஆஸ்திரியா நாட்டில் கிராஸ்குளோக்னர் மலைச் சாலை என்று ஒன்று உண்டு. 1935-இல் திறக்கப்பட்டது, 48 கிலோமீட்டர் நீளமும் 36 கொண்டையூசி வளைவுகளும் உடையது. கார் நிறுவனங்கள் தம் பிரேக்குகளைச் சோதிக்கச் செல்லும் சாலைகளுள் இதுவும் ஒன்று. 2,504 மீட்டர் உயரத்திலுள்ள ஹோக்டோர் கணவாயிலிருந்து அடிவாரத்து ஹைலிகன்புளூட் ஊருக்கு ஏறத்தாழ 1,200 மீட்டர் இறங்க வேண்டும். நாம் முன்னர்க் கண்ட 1,500 கிலோ கார் அவ்வளவு ஆழம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தினின்று 85 முறை வண்டியை நிறுத்துவதற்கு ஒப்பாகும். காற்றின் எதிர்ப்பும் எஞ்சினும் அதில் ஒரு பங்கை ஏற்கும். கியரைக் குறைத்து இறங்கினால் எஞ்சின் ஏற்கும் பங்கு பெரிதாகும். மேல் கியரிலேயே வைத்துக்கொண்டு மிதியை அழுத்தியபடி இறங்கினாலோ, ஏறக்குறைய எல்லாச் சுமையும் பேட்களின் தலையில் விழும். மலைச் சாலைகளில் இறக்கத்தின் தொடக்கத்திலேயே கியரைக் குறைக்கச் சொல்லி அறிவிப்புப் பலகை நாட்டியிருப்பது இதற்காகவே.

அத்தகைய இறக்கத்தில் பேட்டின் கனம் போதிய அளவு இருந்தாலும், சூட்டின் மிகுதியால் உராய்வு குறைந்து பிரேக் பிடியாமற் போகலாம். பிரேக் ஆயிலும் கொதிக்கக்கூடும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதியாமல் தாங்க வேண்டும் என்பது விதி. காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழையதான நிலைக்கு விதித்துள்ள அளவோ 155 பாகைதான். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் தோன்றி, மிதி பஞ்சுபோல் அமுங்கும். பேட்டின் ஆயுளைக் காட்டும் எண் இதைப்பற்றி ஒன்றும் அறியாது. '20,000 கிலோமீட்டர் இருக்கிறது' என்பது பேட்டின் கனத்தைப் பற்றிய பேச்சேயன்றி, பிரேக் முழுவதற்கும் அளிக்கப்பட்ட நற்சான்று அன்று.

கணக்குத் தவறும் இடங்கள்

ஏமாற்றம் எங்கெங்கே நேரலாம் என்பதையும் அறிந்துகொள்வது நலம்.

ஒன்று: கம்பி எல்லாப் பேட்களிலும் இல்லை. பி.எம்.டபிள்யூ.வின் பல மாதிரிகளில் முன்புறம் ஒரு சக்கரத்திலும் பின்புறம் ஒரு சக்கரத்திலுமே அது உண்டு. காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் ஊசிகள் துருவேறி இறுகிவிட்டால், ஒரு சக்கரத்தின் உட்பேட் மட்டும் விரைந்து தேய்ந்துவிடும். கம்பி இருக்கும் பேட் நன்றாக இருக்க, கம்பியில்லாத பேட் எஃகுத் தகடுவரை தேய்ந்திருக்கலாம். கணக்கு இதனை அறியாது, கண்தான் அறியும்.

இரண்டு: கணக்கு நிறுவனத்தாரின் பேட்டை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் வேறு பொருளாலான பேட்டைப் பூட்டினால் அது தேயும் வீதம் வேறாக இருக்கும்.

மூன்று: பேட்டை மாற்றியபின் கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டும். மாற்றிவிட்டுப் பதிவு செய்ய மறந்தால், நல்ல பேட் தீர்ந்துவிட்டதாக வண்டி புலம்பும். மாற்றாமலேயே பதிவு செய்துவிட்டால், தேய்ந்த பேட்டைப் புதியது என்று வண்டி நம்மிடம் சொல்லும். இவ்விரண்டாவது மிக ஆபத்தானது. பழைய கார் வாங்குவோர், திரையில் தெரியும் எண்ணை மட்டும் கண்டு மகிழ்ந்துவிடலாகாது. கம்பியின் முதற்படி அறும்வரை அந்தப் பொய்யைத் திருத்த யாரும் இல்லை.

நான்கு: கம்பி தானாகவே சேதமுற்றுப் பொய்யான எச்சரிக்கையும் வரலாம். ஆகவே விளக்கு எரிந்தவுடன் பேட்டைப் பார்க்க வேண்டுமேயன்றி, பாராமலே மாற்றவும் வேண்டா, பாராமலே புறக்கணிக்கவும் வேண்டா.

மின்சாரக் கார்களையும் இங்கே ஒரு சொல் குறிப்பிடுவோம். அவற்றில் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. எனவே பேட்டுக்கு வேலை குறைவு; ஆயுள் மிகுதி. ஓடிய கிலோமீட்டரை மட்டும் வைத்து அங்கே ஒன்றும் சொல்ல இயலாது. ஆயினும், வேலையில்லாத பேட்டுக்கும் வேறொரு நோய் உண்டு: டிஸ்க் துருப்பிடிக்கும், பேட் தன் இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ஆகையால் அவ்வண்டிகளிலும் பார்வையிடுதல் தவிர்க்கலாகாதது.

இல்லத்தில் எழுதத்தக்க கணக்கு

நம் நாட்டில் ஓடும் சிறிய கார்களிற் பலவற்றில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க்கும் பின்சக்கரங்களுக்கு டிரம்மும் உள்ளன. ஆயுளைக் காட்டும் திரை அவற்றில் இல்லை. அதனால் குறையொன்றுமில்லை. கணிப்பொறி செய்யும் கணக்கை ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் நாமே எழுதலாம்.

ஒவ்வொரு 10,000 கிலோமீட்டருக்கும் சர்வீஸ் செய்யும்போது, நான்கு முன் பேட்களின் கனத்தையும் அளந்து சொல்லும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். உட்பேட், வெளிப்பேட் இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். தேதியையும் ஓடிய தூரத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் 10 மில்லிமீட்டர் இருந்த பேட் 20,000 கிலோமீட்டரில் 7 ஆகியிருந்தால், 1,000 கிலோமீட்டருக்கு 0.15 மில்லிமீட்டர் தேய்கிறது. 3 மில்லிமீட்டர் வரம்புக்கு இன்னும் 4 இருக்கிறது. 4-ஐ 0.15-ஆல் வகுத்தால், ஏறத்தாழ 26,000 கிலோமீட்டர் ஓடலாம். நான்கு பேட்களுள் எது மிகவும் தேய்ந்ததோ அதனைக்கொண்டே கணக்கிட வேண்டும். ஒன்று மட்டும் பிறவற்றைவிடப் பெரிதும் தேய்ந்திருந்தால், புதிய பேட் பூட்டுமுன் காலிப்பரைச் சீர்செய்யச் சொல்லுங்கள். டிரம்மினுள் இருக்கும் ஷூக்கள் பெரும்பாலும் டிரம்மைக் கழற்றினாலன்றிக் கண்ணுக்குத் தெரியா. ஆகவே அவற்றையும் மறவாமல் கழற்றிப் பார்க்கச் செய்ய வேண்டும்.

பேட்டை மாற்றினால், கழற்றிய பழைய பேட்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இதனை ஐயப்பாடாக எந்த நேர்மையான மெக்கானிக்கும் கருதமாட்டார். நம் எழுத்துக்கணக்கு சரியாக வந்ததா என்பதை அப்பேட்கள் காட்டிவிடும். அன்றியும், இன்னும் 6 மில்லிமீட்டர் கனமுள்ள பேட்டை மாற்றச் சொல்லும் பட்டறையையும், இரண்டே மில்லிமீட்டர் எஞ்சியும் 'ஓட்டலாம்' என்று சொல்லும் பட்டறையையும் அறிந்துகொள்ள இதுவே எளிய வழி.

ஆகவே, திரையில் ஓர் எண் தோன்றினால் அதனை இகழவும் வேண்டா. அதன்மீது முழுப்பாரத்தையும் ஏற்றவும் வேண்டா. எப்பொழுது சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்பதை அது சொல்லட்டும். மாற்றலாமா வேண்டாவா என்பதைப் பேட்டின் கனம் சொல்லட்டும். எண் பெரிதாக இருந்தாலும், கிறீச்சொலி கேட்டாலோ, வண்டி ஒருபக்கம் இழுத்தாலோ, ஒரு சக்கரம் மட்டும் மிகுதியாகச் சுட்டாலோ, மிதி பஞ்சுபோல் அமுங்கினாலோ, அன்றே பட்டறைக்குச் செல்வதுதான் முறை.

இறுதியாக ஒன்று. சொந்தக் கார் இல்லாத குடும்பங்களும் விடுமுறையிலும் திருவிழாக் காலத்திலும் வாடகை வேன் பிடித்து மலைப்பாதைகளில் செல்கின்றன. பன்னிரண்டு பேர் உட்கார்ந்து, அவர்களின் மூட்டை முடிச்சுகளும் ஏறிய வண்டியின் பேட்களுக்கு வரும் சுமையை மேலே கண்ட கணக்கைக்கொண்டு நீங்களே உணரலாம். வாடகை பேசும்போதே, "பிரேக் பேட் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், தம்பி?" என்று கேட்டுவிடுங்கள். தேதி சொல்லத் தெரிந்த ஓட்டுநர் நம்பத்தக்கவர். கேள்வியைச் சிரித்துத் தள்ளுபவருடைய வண்டியை விட்டுவிட்டு வேறு வண்டி பார்ப்பதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை.